ஹெரால்டும் குட்டி யானையும்

முதல்ல ஒரு அளவு சொல்லிடறேன். டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை, 2005-ல் வந்தபோது அதன் நீளம் 3.8 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். 1961-லிருந்து வண்டலூர் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் நீளம் கிட்டத்தட்ட 3.9 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேல ஒரு விரல்கடை. ரெண்டையும் பக்கத்து பக்கத்துல நிறுத்தினா ரோட்ல ஒரே அளவு இடத்தைத்தான் அடைக்கும். ஒண்ணை எல்லாரும் நின்னு போட்டோ எடுக்கறாங்க. இன்னொண்ணு முன்னாடி போனா ஹாரன் அடிக்கறாங்க.

சென்னையிலிருந்து எங்க கொல்லைக்கு அப்பப்போ வரும் நண்பர் ஒருத்தர் கூரை கழற்றிய ஹெரால்டு வெச்சிருக்கார். பழைய கார்கள்மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். பல்லு விளக்காம கூட இருப்பார், பானெட்டைத் துடைக்காம இருக்க மாட்டார். போன மாசம் என் குட்டி யானையைக் காட்டி, "உன் வண்டிக்கு என்னப்பா ஹிஸ்டரி இருக்கு?"ன்னு சிரிச்சார். அவருக்கு அன்னைக்கே பதில் சொல்லியிருக்கலாம். மல்லாட்டைக்குத் தண்ணி கட்டற நேரம், விட்டுட்டேன். (மல்லாட்டைன்னா வேர்க்கடலை. எங்க விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.) பதிலை எழுதியே வெச்சிடலாம்னு இப்ப உட்கார்ந்திருக்கேன்.

கார் வர்றதுக்கு முன்னாடியே இந்த ரெண்டு சாதி வண்டியும் எங்க ஊர்களில் இருந்தது. பெரிய வீட்டு வாசலில் வில் வண்டி நிக்கும். அச்சுக்கும் பலகைக்கும் நடுவில் இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைச்சு வெச்ச வில், அதனால அந்தப் பேரு. உட்கார்ந்தவர் முதுகுக்கு மேடு பள்ளம் தெரியக் கூடாது என்பதற்காகவே செய்த வண்டி. மத்தவங்ககிட்ட இருந்தது கட்டை வண்டி. அதுல வில்லும் கிடையாது, மெத்தையும் கிடையாது. எரு அடிக்க, நெல்லு மூட்டை ஏத்த, கரும்பு ஏத்த எல்லாத்துக்கும் அதுதான். ஊர்த் திருவிழான்னா அதே கட்டை வண்டிமேல மூங்கில் பிளாச்சு வளைச்சு, பாய் கட்டி, கீழே வைக்கோல் பரப்பி, குடும்பத்தையே ஏத்திக்கிட்டு மேல்மலையனூருக்குப் போவாங்க. திரும்பி வந்ததும் கூண்டைக் கழற்றி சுவத்துல சாத்திட்டு, மறுநாள் எரு அடிப்பாங்க. கூரையைக் கழற்றி மாட்டற வண்டின்னா எங்களுக்கு அது புதுசு இல்ல. ஆனா நாங்க கழற்றினது காத்து வாங்க இல்ல, சுமை ஏத்த.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கு. 1925 ஏப்ரலில் ஃபோர்டு கம்பெனி, மாடல் டி வண்டியில் ஒரு புது வகையை விற்பனைக்கு விட்டது. தொழிற்சாலையிலேயே முழுசாக செய்து வந்த முதல் பிக்கப்புன்னு அதைத்தான் சொல்றாங்க. விலை 281 டாலர். அந்த வண்டி எதுன்னு பார்த்தா, துணிக் கூரை போட்ட ரெண்டு சீட்டு ரன்அபவுட். இன்னைக்கு சின்ன கன்வர்ட்டிபிள்னு சொல்ற சாதி. அதன் பின்பக்க டிக்கியை எடுத்துட்டு, ஒரு இரும்புத் தொட்டியை போல்ட் போட்டு மாட்டிட்டாங்க. இந்த யோசனையும் ஃபோர்டு கம்பெனிக்கு வானத்திலிருந்து விழல. அதுக்கு முன்னாடியே விவசாயிங்க டிக்கியைக் கழற்றி வீசிட்டு, மரத்தில் பெட்டி அடிச்சு மாட்டி, சோளமும் பன்றியும் ஏத்தி ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. கம்பெனி அதைப் பார்த்து செஞ்சுது, அவ்ளோதான்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் ரசமான கதை ஒண்ணு சொல்லுவாங்க. 1932 வாக்கில், விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாண்டு பகுதியிலிருந்து ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம்: ஞாயிற்றுக்கிழமை நனையாம சர்ச்சுக்குப் போகணும், திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றியைச் சந்தைக்குக் கொண்டு போகணும், அந்த மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கன்னு. லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் வரைந்து 1934-ல் வந்ததுதான் யூட் என்று அவர்கள் சொல்லும் வண்டி. அந்தம்மா கேட்டதைத்தான் எங்க ஊர் ஆளுங்க மூங்கில் பிளாச்சும் பாயும் வெச்சு தாங்களே முடிச்சுக்கிட்டாங்க.

ஆக கன்வர்ட்டிபிளும் பிக்கப்பும் ஒரே வயித்துல பிறந்த பிள்ளைங்க. பின்னாடி சோபா வெச்சா ஒரு பேரு, தொட்டி வெச்சா இன்னொரு பேரு.

இப்போ நண்பரோட ஹெரால்டுக்கு வருவோம். அது எங்க ரோட்டு மேலயே பிறந்த வண்டி. சென்னையிலிருந்து திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம்னு தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி ஊரில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டு சேர்ந்து 1948-ல் தொடங்கியது. முதலில் வேன்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10, பிறகு ஹெரால்டு.

இங்கிலாந்தில் ஹெரால்டு 1959-ல் டிரயம்ப் என்ற பேரில் வந்தது. இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கேலோட்டி வரைந்த உருவம். பேரு அந்தக் கம்பெனித் தலைவர் வெச்சிருந்த படகோட பேரு. இதெல்லாம் என் நண்பர் எனக்குச் சொல்லித் தெரிஞ்சதுதான். ஆனா அவர் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. அந்தக் காலத்துல மத்த கார் கம்பெனிங்க சேஸிஸைத் தனியா வைக்காம, உடம்பையே ஒரே கூடாக வெல்டு பண்ணற முறைக்குப் போய்க்கிட்டு இருந்தாங்க. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடம்பு செஞ்சு குடுத்துக்கிட்டு இருந்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிட்டுது. முழு உடம்பை ஒரே இடத்துல செய்ய ஆள் இல்ல. வேற வழியில்லாம, கீழே பழைய மாதிரி தனி சேஸிஸ் போட்டு, மேலே உடம்பைத் துண்டு துண்டாகச் செஞ்சு போல்ட் போட்டு மாட்டினாங்க. மூக்கு ஒரு துண்டு, நடு ஒரு துண்டு, கூரை ஒரு துண்டு. முன்பக்கம் மொத்தமும் முதலை வாயைத் திறக்கற மாதிரி தூக்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

கூரை போல்ட்ல நிக்கறதால அதைக் கழற்றி கான்வாஸ் மாட்டறது சுலபம். 1960-லேயே இங்கிலாந்தில் கன்வர்ட்டிபிள் வந்தாச்சு. அதே சேஸிஸ் மேல 1962-ல் கூரியர்னு ஒரு சரக்கு வேனும் வந்தது. இங்கே பெரும்பாலும் கூரை வெச்ச ரெண்டு கதவு வண்டி, 60-களின் கடைசியில் நாலு கதவு. இன்னைக்கு பழைய கார் கண்காட்சிகளில் பார்க்கும் திறந்த ஹெரால்டுகளில் பலதும் ஒர்க்‌ஷாப்பில் கூரையைக் கழற்றினவைதான். என் நண்பரோடதும் அப்படித்தான்.

மூடினதோ திறந்ததோ, ஹெரால்டுக்கு ஒரு குணம் உண்டு. பின்னாடி சக்கரங்கள் ரெண்டும் தனித்தனியா ஆடுற மாதிரி அச்சு. பின் சீட்டுல கனமான ஆளுங்க உட்கார்ந்தா சக்கரம் ரெண்டும் காலை அகட்டி நிக்கும், பாரம் தூக்கின கிழவர் மாதிரி. 948 சிசி பெட்ரோல் இன்ஜின், சுமார் 35 குதிரைசக்தி. நகரத்து சந்துல திரும்பறதுக்கு அதை அடிச்சுக்க முடியாது. 25 அடி வட்டத்துல ஒரு சுத்து சுத்தி வந்துடும். ஆனா டாக்டர், வக்கீல், காலேஜ் வாத்தியார் வீட்டு வண்டி அது. பின்னாடி ரெண்டு மூட்டை மல்லாட்டை போட்டா முனகும்.

கார் என்பது அன்னைக்கு எத்தனை பேருக்கு எட்டியதுன்னு நினைச்சுப் பாருங்க. என்ன கார் செய்யலாம், எத்தனை செய்யலாம்னு டெல்லியில்தான் முடிவு. 1953-ல் மத்திய அரசு, இங்கேயே உதிரி பாகம் செய்யத் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லைன்னு சொன்னதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிட்டாங்க. எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக்கிட்டு இருந்த அசோக் மோட்டார்ஸ், லேலண்டோடு சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்டு ஆகி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறிட்டுது. மெட்ராஸின் ரெண்டு மோட்டார் கம்பெனியில் ஒண்ணு சொகுசுப் பக்கம் நின்னுது, ஒண்ணு சுமைப் பக்கம் போச்சு. சொகுசுப் பக்கம் நின்னது 70-களில் கஸெல் விட்டுப் பார்த்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 விட்டுப் பார்த்தது. அது சில வருஷத்துலயே நின்னு, தொழிற்சாலையும் மூடிட்டுது. இப்ப அந்த இடத்துல ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடியும். சுமைப் பக்கம் போனது 2011-ல் நிஸ்ஸானோடு சேர்ந்து தோஸ்த் பிக்கப்பை விட்டது. ஒன்றே கால் டன். இன்னைக்கு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்து நிமிஷம் நின்னா நாலு தோஸ்த்தாவது கடந்து போகும்.

சரி, பிக்கப் எங்க ஊருக்கு எப்படி வந்தது? நேரா வரல. ரொம்ப நாளைக்கு கட்டை வண்டிதான். பிறகு டயர் மாட்டின மாட்டு வண்டி. அப்புறம் டிராக்டர் டிரெய்லர். நடுவுல ஜீப்பு. மஹிந்திரா 1947-லிருந்து பம்பாயில் பூட்டின வில்லிஸ் ஜீப்புதான் எங்க தலைமுறை பார்த்த முதல் திறந்த வண்டி. பி.டி.ஓ. ஆபீஸிலும் எலெக்‌ஷன் நேரத்திலும்தான் அதைப் பார்ப்போம். அதுவும் தனி சேஸிஸ், அதுக்கும் கான்வாஸ் கூரை. இன்னைக்கு பொலேரோ பிக்கப் ஓட்டற பையன்களுக்குத் தெரியாது, அவங்க வண்டி அந்த ஜீப்போட பேரப்பிள்ளை என்று. சுமைக்கு மெட்டடார் வேன், 1986-லிருந்து டாடா 407. ஆனா 407 வாங்க ஒரு வியாபாரிக்குத்தான் முடியும். சிறு விவசாயி அதுல ஒரு மூலைக்கு வாடகை குடுக்கறவன்.

இதுதான் விஷயமே. என்கிட்ட ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை, அரை ஏக்கர் கத்தரி, வெண்டை. ஒரு அறுப்புக்கு நாலஞ்சு மூட்டை காய் வரும். அதுக்காக யாரும் லாரி அனுப்ப மாட்டாங்க. வியாபாரி தன் வண்டியை அனுப்புவார், பத்து கொல்லையில் ஏத்துவார், விலையை வரப்பு மேல நின்னு அவரே சொல்லுவார். "கோயம்பேட்டுல இன்னைக்கு இறங்கிடுச்சு"ம்பார். 125 கிலோமீட்டர் தள்ளி இருக்கற கோயம்பேட்டுல இறங்கிச்சா ஏறிச்சான்னு எங்கப்பாவால கண்டுபிடிக்க முடிஞ்சதே இல்ல. கத்தரிக்காய் மறுநாள் வாடிடும்கறது வியாபாரிக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். பேரம் அங்கேயே முடிஞ்சுடும்.

2005 மே மாசம் ஏஸ் வந்தது. 702 சிசி டீசல், ரெண்டே சிலிண்டர், 16 குதிரைசக்தி. ஹெரால்டோட பாதி பலம் கூட இல்ல. சுமக்க வேண்டியதோ 750 கிலோ. விலை ரெண்டே கால் லட்சம். மூணு சக்கர லோடு ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவில் காலியா கிடந்த இடத்துல அதை வெச்சாங்க. பெரிய லாரிகளைப் பகலில் உள்ளே விடாத நகரங்களில்கூட அது நுழைஞ்சுது. இதுவரைக்கும் 20 லட்சத்துக்கும் மேல வித்திருக்கு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டையை 80 கிலோ மூட்டையாத்தான் பேசுவாங்க. சட்டப்படி அந்த ஏஸ்ல ஒன்பது மூட்டை ஏத்தலாம். நிஜத்துல எத்தனை ஏறுதுன்னு அந்த ரோட்டுல போற எல்லாருக்கும் தெரியும். கமான் பட்டைக்கு மேல இன்னொரு பட்டை சேர்த்து, அதாவது வில் வண்டிக்காரர் முதுகுக்குப் போட்ட அதே வில்லை மூட்டைக்குப் போட்டு, ஓட்டறாங்க.

நான் என்னோடதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். வாங்கின வருஷமே எனக்குக் கிடைச்சது லாபம்னு சொல்ல மாட்டேன். டீசல், டோல், டயர், எஃப்.சி. எல்லாம் போனா கையில நிக்கறது கொஞ்சம்தான். ஆனா வரப்பு மேல நிக்கற வியாபாரிகிட்ட, "இல்லண்ணே, நானே விழுப்புரம் கொண்டு போறேன்"னு சொல்ல முடிஞ்சுது. சொன்னதும் கிலோவுக்கு ரெண்டு ரூபா ஏத்திக் கேட்டார். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே அது எனக்குச் சம்பாதிச்சுக் குடுத்த முதல் காசு. நண்பர் கேட்ட ஹிஸ்டரி இதுதான்.

இங்கேயே நிறுத்தினா ஏதோ பிக்கப் விளம்பரம் எழுதின மாதிரி ஆயிடும். நகரத்துல இருக்கற உங்களுக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். விடிகாலையில ஜி.எஸ்.டி. ரோட்டுல காரில் வந்திருந்தா பார்த்திருப்பீங்க. குட்டி யானைக்குப் பின்னாடி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, தலையில துண்டு கட்டின பெண்கள் பதினஞ்சு இருபது பேரு நின்னுக்கிட்டு வருவாங்க. நடவுக்கோ, களை எடுக்கவோ, மல்லாட்டை பிடுங்கவோ போறாங்க. உள்ளூர்ல ஆள் பத்தாது, நாலு ஊரு தள்ளி கூட்டி வரணும். அவங்க ஊருக்கு வர்ற முதல் பஸ் ஏழரைக்கு. களை எடுப்பு ஆறரைக்கே தொடங்கணும், வெயில் ஏறினா முடியாது. வண்டி வெச்சிருக்கற விவசாயி வண்டியை அனுப்புவார்.

திறந்த வண்டியில முகத்துல காத்து அடிக்க போறதுக்கு என் நண்பர் ஒரு மாசச் சம்பளத்தை கான்வாஸுக்குச் செலவு பண்ணியிருக்கார். இவங்களுக்கும் அதே காத்துதான் அடிக்குது, அதே ரோட்டுல. அவருக்கு சீட் பெல்ட் இருக்கு, அவராவே மாட்டினது. இவங்களுக்கு உட்காரப் பலகை கூட கிடையாது.

சரக்கு வண்டியில ஆள் ஏத்தறது சட்டப்படி தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். போலீஸ் பிடிச்சா அபராதம், அதுவும் தெரியும். தெரியாதது இன்சூரன்ஸ். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தை 1994-ல் திருத்தினப்போ, சரக்கு வண்டியில கூடப் போற சரக்கின் சொந்தக்காரருக்கோ அவரோட பிரதிநிதிக்கோ இன்சூரன்ஸ் உண்டுன்னு சேர்த்தாங்க. அதாவது என் கத்தரி மூட்டையோட நான் இன்னொருத்தர் வண்டியில விழுப்புரம் போனா, எனக்கு ஏதாவது ஆனா என் குடும்பம் கேட்கலாம். ஆனா சரக்கு வண்டியில சும்மா ஏறிப் போற பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்குல சொல்லிடுச்சு. அப்போ இழப்பீடு யாரு குடுக்கணும்? வண்டிக்காரர். அவர்கிட்ட இருக்கறது கடன்ல வாங்கின அந்த வண்டியும் ஒரு ஏக்கர் கொல்லையும். கோர்ட்டு தீர்ப்பு காகிதத்துல இருக்கும், காசு வராது. கத்தரிக்காய்க்குக் கூடப் போறவருக்கு இருக்கற காப்பு, அதைப் பறிக்கப் போறவங்களுக்கு இல்ல.

ஓட்டுநர் விஷயத்துல சட்டம் கொஞ்சம் இறங்கி வந்திருக்கு. கார் லைசென்ஸ் வெச்சிருக்கறவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம்னு உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னதை, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி பண்ணிடுச்சு. எங்க பக்கத்துப் பையன்களுக்கு அது பெரிய நிம்மதி. விபத்து ஆனா லைசென்ஸை சாக்கு வெச்சு இன்சூரன்ஸ் கம்பெனி நழுவறது குறையும். பின்னாடி நிக்கற பெண்கள் விஷயத்துல அந்த மாதிரி ஒண்ணும் வரல.

கொஞ்ச வருஷமா சிலர் தொட்டிக்கு மேல வளைச்ச பைப் வெல்டு பண்ணி, தார்ப்பாய் போட்டு, ரெண்டு பக்கமும் பலகை வெச்சுக்கறாங்க. திண்டிவனத்துல அதுக்குன்னே வெல்டிங் பட்டறைகள் இருக்கு. தூரத்திலிருந்து பார்த்தா அப்படியே கூண்டு வண்டி. மழைக்கும் வெயிலுக்கும் நல்லதுதான். வண்டி கவிழ்ந்தா அந்த பைப்பு எதையும் தாங்காது, பாலிசியில அதுக்கு ஒரு வரியும் கிடையாது.

நான் என் வண்டியில ஆள் ஏத்தறதில்ல. இதனால ஊர்ல எனக்கு "சட்டக் கல்லூரி"ன்னு ஒரு பேரு. ஷேர் ஆட்டோவை ரெண்டு டிரிப்பு அனுப்பறேன். அதுலயும் அளவுக்கு மேல ஏறத்தான் செய்யறாங்க, ஆனா அது ஆள் போற வண்டின்னு ஆர்.சி. புக்குல இருக்கு. தலைக்கு முப்பத்தஞ்சு ரூபா கூட ஆகுது. மல்லாட்டை விலை நல்லா இருக்கற வருஷம் அது தெரியாது. போன வருஷம் தெரிஞ்சுது. பக்கத்துக் கொல்லைக்காரர் நியாயமாத்தான் கேக்கறார்: "உனக்கு முப்பத்தஞ்சு, எனக்கு இருபது ஆளுக்கு எழுநூறு. அதை யாரு குடுப்பா?" கத்தரிக்காய் வாங்கற நீங்க குடுக்கறீங்களான்னு அவர் கேக்கல. நான் கேட்டு வெக்கறேன்.

வர்ற வாரம் மல்லாட்டைக்கு ரெண்டாவது களை. பன்னெண்டு பேரு சொல்லியிருக்கேன். ஷேர் ஆட்டோக்காரர் டீசல் ஏறிடுச்சுன்னு டிரிப்புக்கு இன்னும் ஐம்பது கேட்டிருக்கார். நண்பரும் அன்னைக்கு ஹெரால்டுல வர்றேன்னு போன் பண்ணார். பின் சீட்டுல மூணு பேரு தாராளமா உட்காரலாமான்னு கேட்டிருக்கேன்.